பல்லுத் தடம்

— படிண்ணா, இன்னொருக்கா சத்தமாப் படி. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல பாரு.

— "விடுதலைப் போராட்டத் தியாகி காளியப்பன் நூற்ற ராட்டை. அன்பளிப்பு: மகன் அர்ச்சுனன்." போதுமா பானு?

— மகன் அர்ச்சுனன்! மக பானுமதின்னு ஒருத்தி பொறக்கவே இல்ல போலருக்குது.

— மியூசியத்துக்காரங்க எழுதுனதும்மா. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? வா, அந்தப் பக்கம் அப்பா இருந்த ஜெயிலு படம் இருக்குதாம்.

— ஜெயிலு எங்கியும் ஓடாது. தர்மபுரி ஜனமெல்லாம் வந்து பாக்குற எடத்துல உம்பேரு கண்ணாடிக்குள்ள மின்னுது. எனக்கு வவுறு எரியுதுண்ணா, மறைக்கல. அவரு மடியில ஒக்காந்து பஞ்சு எடுத்துக் குடுத்தது ஆரு? நீயா? நீ மாங்கா அடிக்க ஓடிருவ.

— நீதான் தாயே. ஆரு இல்லன்னா?

— கொள்ளி வச்சது நீ. நெலம் உங்கிட்ட. ஆகஸ்ட் பதினஞ்சுக்குத் தியாகி மவன்னு மால போட்டுக்கறதும் நீ. இது ஒண்ணாவது எனக்குன்னு விட்டியா? இரு, இரு. இந்தக் கைப்பிடியப் பாரு.

— பாத்தாச்சு. வா, போலாம்.

— பல்லு மொளைக்கறப்ப நான் கடிச்ச தடம் எங்க? சாவுற வரைக்கும் அப்பா அத வெரலால தடவிக்கிட்டே இருப்பாரே! அதையும் தேச்சு வார்னிஷ் அடிச்சிட்டியா? ஏண்ணா, அந்த ரெண்டு பல்லுத் தடங்கூடவா உன் கண்ண உறுத்துச்சு?

— மெதுவாப் பேசு. வாட்ச்மேன் பாக்கறாரு.

— பாக்கட்டும்!

— கிட்ட வா, சொல்றன். இது அப்பா ராட்டை இல்ல.

— என்னது?

— சேலத்துல பழைய சாமான் கடையில வாங்குனது. இவங்க வந்து கேக்கறப்ப அப்பாது எங்கிட்ட இல்ல. பேருக்கு ஒண்ணக் குடுத்துட்டன். தப்புதான்.

— அப்ப அப்பாது எங்க?

— உங்கிட்டத்தான இருக்குது. "ராட்டை பாப்பாவுக்கு"ன்னு உன்னத்தான் கடைசியாச் சொல்லிட்டுக் கண்ண மூடுனாரு. அதான் போன வருசம் பொங்கச் சீரோட காரிமங்கலத்துக்குக் கொண்டாந்து குடுத்தன். பொறந்த வூட்டுல இருந்து பொண்ணுக்குக் குடுத்தத, மியூசியம் கேக்குதுன்னு திருப்பிக் கேப்பனா?

— எங்கிட்ட எப்பண்ணா குடுத்த?

— தனித்தனியாக் கழட்டி, சாக்குல கட்டி, கரும்போட உன் வூட்டு நடையில வச்சனே. கருமாதிச் சண்டைய மனசுல வச்சிக்கிட்டு நீதான் கதவுக்குப் பின்னால நின்ன, மொகங்குடுத்துப் பேசல. பிரிச்சுப் பாத்தா உனக்கே வெளங்கும்னு வந்துட்டன். உம்பல்லுத் தடமெல்லாம் அப்படியே இருக்குது பாரு, நான் ஒண்ணையும் தேய்க்கல. என்ன பானு? ஏன் கீழ ஒக்காந்துட்ட?

— அண்ணா... சாக்குக்கு வெளிய கட்டை நீட்டிக்கிட்டு இருந்துச்சு. தங்கச்சிக்கு வெறகு சீர் கொண்டாந்திருக்கான் பாருன்னு ஆத்தரத்துல, பிரிக்காமயே போகியில தூக்கிப் போட்டுட்டண்ணா.