ஆட்டோ என்று சொன்ன குரல்

நீரஜா: திரும்பப் போடு ஆசிஃப். அதே இடம்.

ஆசிஃப்: இன்னும் எத்தனை தடவை மேடம்... டேப்பே தேஞ்சுடும்.

நீரஜா: தேயட்டும். நாளைக்கு ஆபீசருங்க வந்து உக்காந்தா, சத்தத்தை வெச்சே லாரியா, பஸ்ஸா, ஆட்டோவா, ஸ்கூட்டரான்னு கம்ப்யூட்டர் சொல்லணும். தெருவுல போற வண்டியைக் கணக்கெடுக்க கேமரா வாங்கக் காசில்லைன்னா இதுதான் வழின்னு பெருசா பேசியிருக்கேன்.

ஆசிஃப்: சொல்லுதே! மத்த தெரு டேப்பெல்லாம் சரியாத்தான் சொல்லுது. இந்த ஒரு சந்துலதான்...

நீரஜா: ஊரூர் குப்பத்துச் சந்து. அதுவும் வியாழக்கிழமை டேப் மட்டும். கம்ப்யூட்டர் ஸ்கூட்டர்ங்கறது. அதைச் சரிபாக்க வண்டியைக் கண்ணால பாத்துச் சொல்ற நீ, மைக்குல ஆட்டோங்கற.

ஆசிஃப்: ரெண்டும் ஒரே மாதிரி எஞ்சின்தானே மேடம். மைக்கும் மலிவு மைக். கடல் இரைச்சல் வேற... குழம்பிடுச்சு.

நீரஜா: கம்ப்யூட்டரா, நீயா?

ஆசிஃப்: ...கம்ப்யூட்டர்தான்.

நீரஜா: கண்ணு முன்னாடி போற வண்டிக்கு ரெண்டு சக்கரமா மூணு சக்கரமான்னு உனக்குத் தெரியாதா?

ஆசிஃப்: அந்தச் சந்துல என்னை உக்கார வெச்சதே தப்பு. மீன் கூடைதான் போவுது, வண்டி எங்க போவுது? கடல் சத்தத்துல டெஸ்ட் பண்ணணும்னு நீங்கதான் அடம் பிடிச்சீங்க. மந்தைவெளியில வெச்சிருந்தா...

நீரஜா: பேச்சை மாத்தாதே. கேளு... ஓட்டை சைலன்சர். நிறுத்தறதுக்கு முன்னாடி ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு. இப்போ... கேட்டியா?

ஆசிஃப்: என்னது?

நீரஜா: இரும்புக் கேட். வண்டி நிக்கறதுக்குள்ள திறக்கறது. ஹார்னே அடிக்கலை.

ஆசிஃப்: யாராவது வெளிய வந்திருப்பாங்க...

நீரஜா: எல்லா வியாழக்கிழமையுமா? எங்காத்துக்காரரும் ஹார்ன் அடிக்க மாட்டார். தெருமுனையில சத்தம் கேட்டதுமே நான் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்துண்டு நிக்கணும். கம்ப்யூட்டருக்கு இதைக் கத்துக்கொடுக்க நமக்கு ஒரு வருஷம் ஆச்சு. அந்தக் கேட்டைத் திறக்கறவளுக்கு எத்தனை நாள் ஆச்சோ!

ஆசிஃப்: மேடம்... இப்படி சத்தம் போடற ஸ்கூட்டர் ஊர்ல எவ்வளவோ இருக்கு.

நீரஜா: அப்போ ஸ்கூட்டர்தான்.

ஆசிஃப்: டேப்பை நிறுத்திடறேன் மேடம்.

நீரஜா: தினம் என்னை இந்த வாசல்ல இறக்கி விடற வண்டி. என்ன ஆசிஃப், சௌக்கியமான்னு உன்னை விசாரிச்சுட்டுத்தானே போவார்?

ஆசிஃப்: ஸ்ரீவத்சன் சார் என்னைப் பாக்கலை மேடம். நான் படகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். தப்புப் பண்றவர் நிமிர்ந்து போறார், ஒளியறவன் நான்! வாயில ஆட்டோன்னு வந்துடுச்சு. அடுத்த வாரமும் அதையே சொன்னேன்... நீங்க கேப்பீங்களே, தாங்க மாட்டீங்களேன்னு.

நீரஜா: உன் மேல கோவம் இல்லை. வயிறு எரியறது, அவ்வளவுதான்.

ஆசிஃப்: இந்த டேப்பைத் தூக்கிப் போட்டுடலாம் மேடம். நாளைக்கு மத்ததே போதும். நான் மட்டும் அங்க மைக் வெக்காம இருந்திருந்தா... உங்களுக்குத் தெரியாமயே போயிருக்கும்.

நீரஜா: வியாழக்கிழமை கடலே இல்லாத ஈக்காட்டுத்தாங்கல் கம்பெனியில ஓவர்டைம்னு சொல்லிட்டு, செருப்பெல்லாம் கடல் மணலோட வந்தார். அவர் வண்டியை அங்க பாத்ததா யாரோ சொல்ல, ஒரு நாள் நானே அந்தச் சந்து முனையில போய் நின்னேன், உள்ள எட்டிப் பாக்கலை. இதே சத்தம், இதே கேட். என் காதை நான் நம்பலை ஆசிஃப்... அதான் உன்னை மைக்கோட அனுப்பினேன். டேப்பைப் போடு. இந்தத் தடவை ஸ்கூட்டர்னு சொல்லு.