ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே அழிச்சாச்சு

அலோ... அலோ, தாமி? அப்பாதான்மா... இல்லை இல்லை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. நாம்ஹே பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். இப்பதான் ஆபீசுக்குப் போயிட்டு வர்றேன்... என் கேஸ் விஷயமா.

ஆமா, அதேதான். என் மீன் வலைக் கண்ணை அளக்க வந்த அதிகாரி தலையில நெத்திலிச் சாறு வாளியைக் கவுத்தேனே, அந்த வீர வரலாறு... சிரிக்காதே. ஆறு மாசம் போட்டாங்க. மூணாம் மாசமே நாட்டோட விடுதலை நாள் பொது மன்னிப்புல வெளிய விட்டாங்க.

மன்னிப்புன்னா மன்னிப்புதான், ஆமா, ஆமா. ஆனா பேரு குற்றப் பதிவேட்டுல அப்படியே கிடக்கும்னு நெனச்சிட்டேன்மா. வர்ற ஞாயித்துக்கிழமை பேரனுக்கு மொதப் பொறந்தநாள். உன் மாமனாரோ போலீஸ்ல இருந்தவரு. அதுக்குள்ள அழிச்சிடச் சொல்லலாம்னு கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டுப் போனேன்.

என்ன சொன்னாங்களா? இரு... கவுண்டர்ல இருந்த பொண்ணு கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்துட்டு, "ஐயா, உங்க பேர்ல ஒண்ணுமே இல்லியே"ங்குது. "நல்லாப் பாரும்மா, என்னுது பெரிய கேசு"ன்னு நானே எனக்கு எதிரா வாதாடறேன்! மறுபடி பாத்துட்டு, "மன்னிப்பு வந்த மாசமே அழிச்சாச்சு, ஒன்பது வருஷமாச்சு, கடிதாசு கூடப் போட்டிருக்கோமே"ங்குது.

வந்துச்சு. வந்துச்சும்மா... அரசாங்க முத்திரையைப் பாத்ததும் இன்னொரு கேசுன்னு பயந்து, பிரிக்காமலே அடுப்புல போட்டேன்... ஆமா, உங்கப்பன் முட்டாள்தான். அக்கம்பக்கத்துக்கும் கேக்கிற மாதிரி சொல்லு.

தாமி... உன் கல்யாணத்தன்னைக்கு முதுகுவலின்னு வராம இருந்தேன்ல... வலியே இல்லைம்மா. சம்பந்தி என் பேரைத் தேடிப் பாத்துட்டா உனக்கு அசிங்கமாயிடும்னு... சித்தப்பன் உன் கையைப் பிடிச்சு மேடைக்குக் கூட்டிட்டுப் போன நேரத்துல, நான் இதே கோட்டைப் போட்டுக்கிட்டு நம்ம வீட்டு சமையக்கட்டுல உக்காந்திருந்தேன்.

என்னது? தெரியுமா? யாருக்கு?... சம்பந்திக்கா! கல்யாணப் பேச்சு எடுத்தப்பவே நீயே சொல்லிட்டியா?... அவரு என்ன சொன்னாரு?... விழுந்து விழுந்து சிரிச்சாரா!... சரியாப் போச்சு. எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியத்தை நான் ஒருத்தன் காவல் காத்திருக்கேன்.

ஏய், யார்கிட்ட குடுக்கிறே? வேண்டாம் தாமி, குடுக்கா... வணக்கம் சம்பந்தி!... ஆமாங்க... ஆமாங்க... தப்புதாங்க. வந்திருக்கணும்... ஞாயித்துக்கிழமையா? கண்டிப்பா வர்றேங்க. பின்னால ஓரமா ஒரு நாற்காலி போட்டாப் போதும்...

நானா? பேரனை நானா தூக்கிட்டு வந்து பொறந்தநாள் மேஜை முன்னாடி உக்கார வைக்கணும்?... எல்லாரும் பாக்கவா?... அது தாத்தா நீங்க செய்ய வேண்டியதுங்க... சரி, நானும் தாத்தாதான்... சரிங்க...

பஸ் வந்துடுச்சு, வச்சிடறேங்க... இல்லைங்க, பஸ் வரலை. பேச வரலை. வச்சிடறேன்.