பதினேழு ஒன்றுகள்

கொள்ளிடக் கரையில் இந்த வருஷம் கொசு கொஞ்சம் அதிகம். நீங்கள் முழுக்கைச் சட்டை போட்டு வந்தது நல்லதாயிற்று, சார்.

மாத்ருபூதம் இந்தப் படித்துறையில் வழுக்கி விழுந்ததாக எழுதிக்கொண்டு போன போலீஸ்காரர்கள் மேல் எனக்குக் குறையில்லை. பாசி இருக்கிறது. முக்கொம்பில் தண்ணீர் திறந்திருந்தார்கள். ஆளும் வயசானவர். நீங்கள் ஒருவர்தான் திரும்பி வந்து, "என்னதான் நடந்துச்சு, பெரியவரே?" என்று மரியாதையாகக் கேட்டீர்கள். கேட்டவருக்குச் சொல்லவேண்டியதுதானே.

என் மனைவி மரகதவல்லி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டர் பேசுவது காதில் விழக்கூடாது என்று மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒன்று, ஒன்று என்று அதே இலக்கத்தை வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். பதினேழு ஒன்றுகளில் தாள் முடிந்துவிட்டது. சரி, பதினேழு ஒன்றும் சேர்ந்த இந்த எண்ணை எது வகுக்கும் என்று மூன்றால் வகுத்தேன். மீதி வந்தது. ஏழால் வகுத்தேன். மீதி வந்தது. பதின்மூன்றுக்கு வரும்போது அவள் போய்விட்டாள்.

நான் நிறுத்தவில்லை. காலையில் எழுந்திருக்க வேறு காரணம் இல்லை, சார். எதற்கும் உடையாமல் நிற்கிறதே, இது பகா எண்தான் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தேன். புறப்பாட்டின்போது பெருமாளே என்னைப் பார்த்துத் தலையசைத்தார் என்றேன். பாதிப் பேர் நம்பினார்கள். அது நிற்கிற வரைக்கும் நானும் நிற்பேன் என்று எனக்குள் ஒரு கணக்கு.

மாத்ருபூதம் காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். செல்போனில் போட்டுப் பார்ப்பதில்லை என்று இருவரும் பெருமாள் சந்நிதியில் சத்தியம் செய்திருந்தோம். நான் வரிசையாக வகுத்துக்கொண்டு போனேன். அவர் குறுக்குவழிக்காரர். முப்பத்துநான்கால் வகுத்தால் ஒன்று மீதி வருகிற எண்ணால்தான் இது வகுபடும் என்று கண்டுபிடித்து, அவற்றை மட்டும் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் இதே படியில் நின்று, வகுக்கிற எண்ணைச் சொல்லிச் சிரித்தார்.

"ஓய் சக்ரபாணி, உம்ம எண் ரெண்டு துண்டா விழுந்துடுத்து. சட்னி தொட்டுண்டு சாப்பிடலாம்."

"மெதுவாப் பேசும்."

"எதுக்கு மெதுவா? நாளைக்குத் தெருவையே கூட்டிச் சொல்லப்போறேன்."

"வேண்டாம், மாத்ருபூதம். நான் செத்துப்போயிடுவேன்."

"ஒரு எண் உடைஞ்சா யாராவது சாவாளா, ஓய்?"

நியாயமான கேள்வி. அவர் முதுகில் கை வைத்தேன். தட்டிக்கொடுக்கத்தான் வைத்தேன். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும்.

மறுநாள் காலையில் எழுந்தேன், சார். எண் முழுசாக இருந்தது. வகுக்க ஆள் இல்லாவிட்டால் அது பகா எண்தானே.

நீங்கள்தான் விடாமல், அவர் கண்டுபிடித்தது எந்த எண் என்று கேட்டீர்கள். இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்து மூன்று. உடனே செல்போனில் போட்டுப் பார்க்கிறீர்கள். மீதியே வரவில்லை என்கிறீர்கள்.

ஆக, இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

ஸ்டேஷனுக்கா போன் போடுகிறீர்கள்? அங்கே சிக்னல் சரியாகக் கிடைக்காது, சார். இன்னும் ஒரு படி கீழே இறங்கி நின்று பாருங்கள். பயப்படாதீர்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்.