டம்ளர்ல ஊறுன இருபது வருஷம்

வெந்நீர்ல இல்ல சார், ப்ளீச்சிங் தண்ணில. பாத்ரூம் கழுவுறது இருக்குல்ல, அதுல. வாட்ச்ச முழுசா போடல, அவ்ளோ லூசு இல்ல நானு. டயலச் சுத்தி நம்பர் போட்ட கறுப்பு வளையம் இருக்கும்ல, திருப்புனா டிக்கு டிக்குன்னு சுத்தும்ல, அத மட்டும் கழட்டி டம்ளர்ல போட்டேன். புதுசு பழசாகணும் சார். ஊர்ல எல்லாரும் பழச புதுசாக்குவாங்க, நம்ம கதை உல்ட்டா.

எங்க மாமனாரு பச்சைமுத்து, கோலாரு தங்கச் சுரங்கத்துல இருந்தவரு. மூடுனதும் பெங்களூரு வந்துட்டாரு. கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு மச்சான் மோதிரம் போடணும்ல, எனக்கு மச்சானே இல்ல. மனுஷன் தன் கையில இருந்த வாட்ச்ச அவுத்து மேடையிலயே என் கையில கட்டிட்டாரு. கட்டும்போது கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. அந்த வளையம் வெளுத்துப்போயி சாம்பல் கலர்ல இருந்துச்சு. சுரங்கத்துல ஏது வெயிலுன்னு கேக்காதீங்க, அது இருபது வருஷ வேர்வை.

அதெல்லாம் எனக்கு எங்க தெரியும்? மரியாதையா வெச்சுக்கலாம்னு ஒக்கலிபுரத்துல எங்க வீட்டாண்ட ரிப்பேர் பண்ற ஞானசேகரன்கிட்ட குடுத்தேன். நல்ல மனுஷன், கேக்காமலே புது வளையம் மாட்டி பளபளன்னு குடுத்தாரு. நானும் பெருமையா எடுத்துட்டுப் போயி என் பொண்டாட்டி தனலட்சுமிகிட்ட நீட்டுனேன். எங்கப்பா கையி எங்கன்னு கேட்டா சார் அவ. கேட்டுட்டு உக்காந்து அழுதா. ஞானசேகரன் கடைக்கு ஓடிப்போயி கேட்டா, பழசு குப்பைக்குப் போயி ரெண்டு நாளாச்சாம்.

அவருகிட்டயே இன்னும் மூணு வளையம் வாங்கி ஆரம்பிச்சேன். மொத வளையத்த ஊறப் போட்டுட்டு சீரியல் பாத்து அழுதுட்டு இருந்துட்டேன், நம்பரோட வெளுத்து வெள்ளி மெட்டி மாதிரி ஆயிடுச்சு. ரெண்டாவத தோசைக்கல்லுல வாட்டுனேன், அப்பளமா வளைஞ்சிடுச்சு. மறுநாள் தோசைல என்ன நாத்தம்னு அதுக்கு வேற திட்டு. மூணாவது பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, எண்ணி அஞ்சே நிமிஷம்னு முடிவு பண்ணேன். டைம் பாக்கலாம்னு கையத் திருப்புறேன், கையில வாட்ச் இல்ல.

அதான் இப்ப கட்டியிருக்கேன், பாருங்க. கத்திரிக்கா கலர். சிரிக்காதீங்க சார்.

இன்னைக்கு எங்களுக்கு மொத ஆடி. தனலட்சுமிய நேத்தே அழைச்சுட்டுப் போயிட்டாங்க. காலைல மாமனாரு போன் பண்ணி, சொந்தபந்தம் எல்லாம் வராங்க, வாட்ச்சக் கட்டிட்டு வாங்க மாப்ளேன்னு அவ்ளோ ஆசையா சொல்றாரு. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கைய நீட்டுறது?

நான் எறங்க வேண்டியதா? மாமனாரு வீடு இருக்கற பொம்மனஹள்ளி சார். ஆமா, அது அப்பவே போயிடுச்சு, கூட்லு கேட்டே தாண்டிட்டோம். தெரியும். சில்க் போர்டு ஸ்டாப்புல நீங்க கம்பியப் புடிச்சு பஸ்ல ஏறும்போதே உங்க கையப் பாத்துட்டேன். அதே வாட்ச்சு, அதே சாம்பல் கலரு. விட்டுட்டு எப்படி சார் எறங்குறது? வளையம் மட்டும் குடுங்க, ஒரே ஒரு நாளு. சாயங்காலம் வீடு தேடி வந்து குடுத்துடறேன். கத்தி கூட பையில இருக்கு. ஐயோ, பயப்படாதீங்க, வளையத்த நெம்புறதுக்குத்தான்.

ஏன் சார் தலைல அடிச்சுக்கறீங்க? என்னாது, உங்களுதும் வீட்டுல வெளுக்க வெச்சதா? மாமனார் குடுத்ததா?

அட... எத்தினி நிமிஷம் சார் ஊற வெச்சீங்க?