ஊற்றம்மாவுக்கு ஒரு செர்ரிமரக் குழந்தை

— கண்ணாடியத் தொடாதீங்க மதாம்! அலாரம் அடிச்சா மொத்த மியூசியமும் இங்க ஓடி வந்திடும்.

— தொடல தம்பி. இந்தப் பெட்டி எந்தப் பக்கம் திறக்கும்னு பாக்குறேன்.

— திறக்குறதா! உள்ள இருக்குறது ரோமாபுரிக்காரங்க காலத்துக் கல்லு மதாம். சாவி டைரக்டரம்மாகிட்ட இருக்கு. அது என்ன, துணியில சுத்தி வெச்சிருக்கீங்க?

— இவங்களுக்குக் கொண்டு வந்தது. மடியில பழத்தோட உக்காந்திருக்காங்களே, அந்தக் காலத்து ஊத்துத் தண்ணிச் சாமி, இந்த ஊற்றம்மாவுக்கு.

— சிலைக்கா? பிரிச்சுக் காட்டுங்க... அட, உருளைக்கிழங்கா இது?

— குழந்தை தம்பி! பெட்டிக்குள்ள வரிசையா படுத்திருக்கே துணி சுத்தின கல்லுக் குழந்தைங்க, அத மாதிரிதான். எங்க வீட்டுச் செர்ரி மரம். காய்கறிக் கத்தியால நானே செதுக்கினேன். முகம்தான் கொஞ்சம் சரியா வரல.

— கொஞ்சமா?

— சிரிங்க, சிரிங்க. எங்க வீட்டுக்காரர் இத வாத்துன்னு நினைச்சார்.

— மன்னிச்சிடுங்க மதாம். ஆனா வெளி மரத்த இங்க விட முடியாது. அதுல ஒரு புழு இருந்தாலும் போச்சு. அந்தக் காலத்துல நேர்ந்துக்கிட்டவங்க குடுத்த மரக் கை, மரக் கால் எல்லாம் பக்கத்து அறையில இருக்கு. மொத்தத்தையும் தின்னு தீர்த்திடும். பேசாம மாதா கோயில்ல கொண்டு போய் வைங்களேன். சாமியார் ஒண்ணும் சொல்ல மாட்டார்.

— அங்க கேட்டிருந்தா அங்க வெச்சிருப்பேன். நான் இவங்ககிட்டல்ல கேட்டேன்? ஒருத்தர்கிட்ட வாங்கிக்கிட்டு இன்னொருத்தருக்கு நன்றி சொல்றதா?

— எப்ப கேட்டீங்க?

— போன ஜனவரியில. எதிர் ஆஸ்பத்திரியில என் பொண்ணு க்ளெமான்ஸுக்கு மாசம் நிறையாமலே வலி வந்திடுச்சு. அங்க என்னால உக்கார முடியல தம்பி. வெளியில ஒரே பனி. கதவு திறந்திருந்ததுன்னு இங்க நுழைஞ்சேன். இந்தக் குழந்தைங்க முன்னாடி நின்னுக்கிட்டே இருந்தேன். ஒரு காவல்காரர் நாற்காலி கொண்டு வந்து போட்டார். மூடுற நேரம் தாண்டியும் எழுந்திருன்னு ஒரு வார்த்தை சொல்லல.

— நீலக் குல்லா! நீங்களா அது?

— நானேதான். சோலான்ஜ். உங்க பேரு அன்னிக்கே சட்டையில பாத்து வெச்சுக்கிட்டேன், திபோ. இந்தாங்க, எங்க ஆட்டுப்பால் சீஸ். இதுல புழு இல்ல.

— லஞ்சமா மதாம்?

— மரத்துக்கு இல்ல. நாற்காலிக்கு.

— என்னை இப்படி மடக்கினா நான் என்னதான் பண்றது? குழந்தை என்ன, பேரனா, பேத்தியா?

— பேரன். லூசியான்னு பேரு வெச்சோம்.

— சரி, ஒரு வழி இருக்கு. ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல கிடந்தா புழு, முட்டை எல்லாம் செத்திடும். நாங்களே அப்படித்தான் பண்ணுவோம். டைரக்டரம்மாவோட ஐஸ்கிரீம் பக்கத்துல வெச்சிடுறேன். அப்புறம் பீடத்துக்குப் பின்னால. அங்க என் துடைப்பத்தத் தவிர யாரும் எட்டிப் பாக்குறதில்ல.

— நிஜமாவா தம்பி? நல்லா இருப்பீங்க. இந்த ஒரு வருஷமா மனசுல கல்லு மாதிரி இருந்துச்சு. ஐஸ்கிரீம்னு நினைச்சு அந்தம்மா நக்கிடாம பாத்துக்குங்க.

— நக்கினாலும் இந்த மூஞ்சியப் பாத்துட்டு வெச்சிடுவாங்க.

— போதும் போதும். இருங்க, ஃப்ரீசருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இவங்களுக்குக் காட்டிடுறேன். அந்தக் காலத்து ஆளுங்க என்ன சொல்லிக் குடுப்பாங்க?

— கீழ கல்லுலேயே வெட்டியிருக்கு. 'மனசாரக் குடுத்தேன், உனக்குத் தகும்'. அவ்வளவுதான். அவங்க கறாரான ஆளுங்க மதாம். கேட்டது கிடைச்சாதான் எடுத்துட்டு வருவாங்க. கிடைக்கலையா, ஒரு கூழாங்கல்லு கூடக் கிடையாது.

— அது நியாயம்தானே. மனசாரக் குடுத்தேன் அம்மா. உனக்குத் தகும்.

— உங்க பொண்ணு வரலையா?

— எதிர்ல கஃபேயில உக்காந்திருக்கா.

— குழந்தை வண்டிய வெச்சுக்கிட்டு இந்தப் படியில ஏற யோசிச்சிருப்பாங்க. நான் வந்து தூக்குறேன், வரச் சொல்லுங்க. லூசியான் இந்நேரம் நடக்கவே ஆரம்பிச்சிருப்பானே! அவனையும் இவங்க பாக்கட்டும்.

— அவன் விடியற வரைக்கும்தான் இருந்தான் தம்பி. டாக்டர் முன்னாலேயே சொல்லிட்டாங்க, அதனால உசிரை நான் கேக்கவே இல்ல. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கண்ணைத் திறந்து அவன் அம்மாவைப் பாக்கணும்னு மட்டும்தான் கேட்டேன். பாத்தான்.