நூல் பிரியாத கைக்குட்டை

எனக்குக் கடிதம் படிப்பது பிடிக்கும், ஐயா. திட்டி வரும் கடிதம் என்றால் இன்னும் பிடிக்கும். அதில்தான் எழுதியவரின் முகம் தெரியும். அரசாங்கம் அதற்கே எனக்குச் சம்பளமும் தந்தது.

விமர்சிப்பவர்களை நம் பக்கம் கொண்டுவரக் கொள்கையில் எதையெல்லாம் மாற்றலாம் என்று அமைச்சர் கேட்டார். மூன்று நாளில் பதில், வரிசையில் நிற்பவர்களுக்கு நாற்காலி என்று ஏதேதோ எழுதிப் பார்த்தேன். ஏழாவது யோசனைதான் எடுபட்டது: குறை சொல்பவரிடமே பொறுப்பைக் கொடுத்துவிடுவது. சாலைப் பள்ளங்களைப் பற்றி எழுதிக் குவித்தவரைச் சாலைக் குழுவில் போட்டோம். இரண்டே வாரத்தில், மழைக்காலத்தில் தார் போடுவது எவ்வளவு சிரமம் என்று அவரே அக்கம்பக்கத்தாருக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அலுவலகத்தில் அன்று ஒரே சிரிப்பு.

மிஞ்சியவர் ஒருவர்தான். என் அக்காவின் கணவர். பெரிய மருத்துவமனையில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிறுகளின் மேல் பருத்தித் துணியை வைத்து இழுப்பார். கம்பி இழை அறுந்திருந்தால் துணி மாட்டிக்கொண்டு நூல் பிரியும். வேலையின் கடைசி நாளில் அப்படிப் பிரிந்த துணியைத் துண்டு துண்டாக வெட்டி, வாரம் ஒரு கடிதத்தில் குத்தி எங்களுக்கு அனுப்பிவந்தார்.

கயிறுகளை மாற்ற மூன்று மாதம் ஆகும். அமைச்சருக்கோ திங்கட்கிழமை அறிக்கை வேண்டும். அத்தானைப் பாதுகாப்பு ஆலோசகராக்கி, நியமன ஆணையோடு நானே வீட்டுக்குப் போனேன்.

“என்ன மாப்ளே, என் வாயை அடைக்க வந்தியா?”

“கையெழுத்து வாங்க வந்தேன் அத்தான். புதுக் கயிறு போட்டாச்சு.”

“அப்பாடா, இனிமே ஸ்டாம்ப் வாங்க என்னை விரட்ட மாட்டாரு” என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. “துணி வச்சு இழுத்துப் பாத்தியா?”

மூட்டுவலியால் அவரால் மாடி இயந்திர அறைக்கு ஏற முடியாது. புதுக் கயிற்றில் இழுத்த துணி என்று சொல்லி, பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தேன். வழியில் வாங்கியது. சைக்கிள் கடையில் கொஞ்சம் கிரீஸும் தடவியிருந்தேன். வேலை என்றால் எனக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இழை இழையாகப் பார்த்தார். ஒரு நூல்கூடப் பிரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கயிறுகள் சரியாக இருக்கின்றன என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்.

கயிறுகளை யாரும் தொட்டிருக்கவில்லை. அது எனக்குத் தெரியும் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

பதினோராம் நாள் லிஃப்ட் விழுந்தது. ஐந்து பேர். பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய குழந்தையைச் சேர்த்தால் ஆறு. சான்றிதழில் இருந்தது அத்தானின் கையெழுத்து என்பதால் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். என்னைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

நேற்று, அவர் கொடுக்கச் சொன்னதாக ஓர் உறையை அக்கா என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே அந்தக் கைக்குட்டை மட்டும் இருந்தது, நான்காக மடித்து. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு வரிகூடக் குறை சொல்லி எழுதவில்லை.

நம் பக்கம் வந்தவர்களின் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்துவிட்டேன்.