பன்னிரண்டாம் பகுதிக்கான எச்சரிக்கை

ஓர் எச்சரிக்கை வாசகம் இருபது சொற்களைத் தாண்டக் கூடாது. தாண்டினால் யாரும் படிப்பதில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் மொழி கற்பித்து ஓய்வுபெற்ற பிறகு நான் கற்றுக்கொண்ட பாடம் இது. நீங்கள் கேட்டது பன்னிரண்டாம் பகுதியைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன், ஐயா.

என் மகன், மகப்பேறு மருத்துவமனையைக் களமாகக் கொண்ட ஒரு தொலைக்காட்சித் தொடரை எழுதுகிறான். "இப்பகுதியில் குழந்தையின் இறப்பு காட்டப்படுகிறது" என்பதுபோல துயரக் காட்சியுள்ள பகுதிகளின் தொடக்கத்தில் திரையில் தோன்றும் அட்டையை எழுதும் பணியை எனக்கு வாங்கித் தந்தவனும் அவனே. நான் வருவதற்கு முன் அவர்கள் போட்ட அட்டையில் ஒன்பது சொற்கள். அவற்றில் மூன்று பிழைகள். துக்கத்தை அறிவிப்பதில்கூட அலட்சியம். படத்தொகுப்பு அறையில் எனக்கு 'அபாயச் சங்கு' என்று பெயர். "சங்கு வந்தாச்சு, காதப் பொத்திக்குங்க" என்பார் தொகுப்பாளர். நானும் சிரிப்பேன்.

அந்த அட்டைகளை உண்மையாகவே படித்தவள் என் மருமகள். மூன்று ஆண்டுகளுக்கு முன், எட்டாம் மாதத்தில், அவளுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. இப்போது மறுபடியும் ஏழாம் மாதம். கணவன் எழுதும் தொடரைப் பார்க்காமலும் இருக்க முடியாது. எல்லாவற்றையும் பார்க்கவும் முடியாது.

"நீங்க கார்டு போட்டா அதத் தாண்டிப் போயிடுவேன் மாமா. போடலன்னா தைரியமா உக்காருவேன். பேரனோ பேத்தியோ, உங்க பொறுப்பு" என்பாள்.

பன்னிரண்டாம் பகுதியின் பிரதி என் கைக்கு வந்தது. அதில் ஒரு முதியவர். கையில் சிவப்புப் பேனா. மேசையில் திருத்த வேண்டிய பாடநூல் தாள்கள். காலையில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த மருமகள் உள்ளறையில் உறங்குகிறாள். மருத்துவமனையிலிருந்து தொலைபேசி: குழந்தையின் இதயத்துடிப்புக் குறைகிறது, உடனே அழைத்து வாருங்கள். "இன்னும் நாலு பக்கம்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முதியவர் திருத்தி முடிக்கிறார். நாற்பது நிமிடம்.

அந்த நாற்பது நிமிடத்தை உலகில் ஒருவனிடம்தான் சொல்லியிருந்தேன். மருமகளிடம், அழைப்பு அப்போதுதான் வந்தது என்று கூறியிருந்தேன். என் மகன் என் கையைப் பற்றிக்கொண்டு, "இது நம்மோட போகட்டும்ப்பா" என்றான். நம்பினேன்.

பிரதியை அவன் முன் வைத்தேன்.

"கதைதானேப்பா. யாருக்குத் தெரியப்போகுது?"

"உன் பெண்டாட்டிக்கு?"

"நீங்கதான் கார்டு போடுவீங்களே. அவ அந்தப் பக்கமே வரமாட்டா."

இந்த மறுமொழியை நீங்கள் நிதானமாகக் கேட்க வேண்டும். என்னை ஊருக்கே காட்டிக்கொடுத்தவன், அதை அவளிடமிருந்து மூடும் துணியையும் என் கையாலேயே போர்த்தச் சொன்னான். நான் திட்டவில்லை. வகுப்பில்கூட நான் குரலை உயர்த்தியதில்லை.

அட்டையை எழுதினேன். பதினாறு சொற்கள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தொகுப்பாளர் கேட்டபோது, "இதுக்கு வேண்டாம்ப்பா" என்றேன். "சங்கே சொல்லியாச்சு, அப்புறம் என்ன" என்றார். அவர்மேல் குற்றமில்லை, வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் உண்மையை அறிய வேண்டும் என்பதே என் நோக்கம். அதாவது, மூன்று ஆண்டுகளாக அவள் கணவன் அவளிடம் எதை மறைத்தான் என்பதை.

அந்தப் பகுதி ஒளிபரப்பான அன்று பிற்பகல் அவள் தொலைக்காட்சியைப் போட்டபோது நான் அருகிலேயே அமர்ந்திருந்தேன். "கார்டே இல்ல. இன்னிக்கு நிம்மதி மாமா" என்று காலை நீட்டிக்கொண்டாள். சிவப்புப் பேனாவைக் கண்டதும் சிரித்தாள். "அச்சு அசல் நீங்கதான்!" திரையில் தொலைபேசி ஒலித்தது. சிரிப்பு மெல்ல நின்றது. முதியவர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பியபோது அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அன்னிக்கு போன் எப்ப வந்துச்சு?"

"உன் புருஷனக் கேளும்மா. அவனுக்கு எல்லாம் தெரியும்."

சற்று நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "வலிக்குது மாமா. வண்டியக் கூப்பிடுங்க." விரிப்பில் இரத்தம் தெரிந்தது. கைபேசி என் மடியில் இருந்தது.

குழந்தை இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பிழைக்குமா என்று மருத்துவர்கள் இன்னும் சொல்லவில்லை. நான் உடனே அழைக்கவில்லை என மருமகள் கூறியதாகச் சொன்னீர்கள். உண்மைதான், மறுக்கவில்லை. பகுதியின் இறுதியில் 'கதை, வசனம்' என்பதன் கீழே என் மகனின் பெயர் வரும். அதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று விரும்பினேன். "கொஞ்சம் பொறும்மா" என்றேன். இன்னும் நான்கு நிமிடம்தான் இருந்தது.

சென்ற முறை நாற்பது. இம்முறை நான்கு. நான் திருந்தவில்லை என்று யாரால் சொல்ல முடியும்?